ஒராள் சட்டி

எங்கள் வீட்டில் ஒரு சின்ன மண்சட்டி இருந்தது. வருத்தச் சட்டி என்றுதான் எல்லாரும் சொல்லுவோம். யாருக்காவது காய்ச்சலோ வயிற்றோட்டமோ அம்மை போடும் அம்மாள் வருத்தமோ வந்தால் மட்டும் அது பழைய பேப்பர் சுற்றோடு அலுமாரியின் மேலிருந்து இறங்கும். சிவப்புப் பச்சையரிசி ஒரு பிடி, உள்ளி நாலு பல்லு, அன்றைக்குச் சந்தையில் கிடைத்த ஏதாவது ஓர் இலை, இறக்கும்போது கொஞ்சம் தேங்காய்ப்பால். சரியாக ஒரு கோப்பைக் கஞ்சிதான் அதில் வரும். அந்தக் கோப்பை வருத்தக்காரருக்கு. மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம், கேட்கக்கூடாது. ஆள் எழும்பி நடமாடத் தொடங்கியதும் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பேப்பரைச் சுற்றித் திரும்ப மேலே ஏற்றிவிடுவார்கள். சட்டி மேலே இருந்தால் வீட்டில் எல்லாரும் சுகம். கீழே இருந்தால் யாரோ படுக்கையில். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்குகிற சட்டம் அது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் சட்டி இறங்கியது மாமாவுக்காக. மாமா அம்மாவின் தம்பி. வவுனியாவிலிருந்து வேலை தேடிக் கொழும்புக்கு வந்து, வேலை கிடைத்த பிறகும் போகாமல், கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் முன்னறையில் தங்கிவிட்டவர். மழைக்குப் பின்னால் ஒழுங்கையில் டெங்கு வீடு வீடாக ஏறி இறங்கியபோது எங்கள் படியிலும் ஏறியது. ஐந்து நாள் ஆசுபத்திரியில் கிடந்துவிட்டு மாமா வீட்டுக்கு வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். அதிகாரம் மட்டும் முழுசாக இருந்தது.

"அக்கா, இண்டைக்குக் கஞ்சியில உப்புக் காணாது."

"அக்கா, செவ்விளநீரை வெட்டி உடன தரவேணும். வெட்டி வைச்சால் ருசி போயிடும்."

அம்மா ஓடிக்கொண்டே இருந்தார். பப்பாசி இலையை இடித்துச் சாறு பிழிவதும், கஞ்சி காய்ச்சுவதும், தோடம்பழம் உரிப்பதும், நடுவில் அப்பாவுக்கும் எனக்கும் சோத்துப் பார்சல் கட்டுவதுமாக மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், போனது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த ஒரு நாள் மாமா மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்து, "நீ ஏன் நிக்கிறாய், வந்து இரு" என்று உபசரித்தார். அன்றைக்குத்தான் அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து நான் ஒரு பாடம் படித்துக்கொண்டேன். இல்லாத ஆளோடு கதைக்கத் தொடங்கினால் வருத்தம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிக்கூடத்தில் படித்த பாடங்கள் என்னிடம் அதிகம் தங்கவில்லை. பிற்காலத்தில் ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். கணக்கு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் கெட்டதைக் கூட்டிப் பார்க்க மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்பா பத்து நிமிடம் பிந்தினால் பஸ் புரண்டுவிட்டது. பூனை இரண்டு முறை கத்தினால் யாருக்கோ ஏதோ நடக்கப்போகிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் கண்ணில்தான் அது பட்டது.

மாமா எழும்பி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆனால் வருத்தச் சட்டி மேலே ஏறவில்லை.

முதலில் மணம்தான் வந்தது. விடிந்தும் விடியாத நேரம், வீடு முழுக்க நித்திரை. உள்ளியும் வல்லாரையும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்தக் கஞ்சி மணம் என் பாய் வரைக்கும் வந்தது. யாருக்கு வருத்தம்? எழும்பிப் போய்க் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அம்மா கதிரையில் இருந்துகொண்டிருந்தார்.

இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். என் அம்மா ஓரிடத்தில் இருந்து சாப்பிட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டியதை அகப்பையால் வழித்து, குசினி மேசையில் சாய்ந்து நின்றபடி, ஒரு கண்ணை அடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஆள் அவர். முதல் நாள் சோறு மிஞ்சினால் அது அவருக்கு. மீன் குழம்பில் தலையும் முள்ளும் அவருக்கு. அந்த அம்மா, அப்பாவின் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, காலை மடித்து ஏறி இருந்துகொண்டு, வருத்தச் சட்டிக் கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி, ஒரு கடி கித்துள் கருப்பட்டி, ஒரு வாய் கஞ்சி, ஒரு கடி கருப்பட்டி என்று குடித்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே துறைமுகப் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடினார். ஒரு கை நெஞ்சில் இருந்தது.

நெஞ்சில் கை. அதுதான் முதலாவது குறி.

அடுத்த நாளும் மணம் வந்தது. அதற்கு அடுத்த நாளும். நான் ஒவ்வொரு நாளும் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவின் நோய்க்குறிகளைச் சேர்த்தேன். கஞ்சி குடித்த பிறகு ஒரு துண்டு பப்பாசிப்பழம் தின்றார். மத்தியானம் பத்து நிமிடம் நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். பழைய சோற்றைக் காகத்துக்குப் போட்டார். உடுப்புத் தோய்க்கும்போது ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். நான் தண்ணீர்ப் போத்தலை உடைத்த அன்று, "சரி, காலைக் கவனமா எடுத்து வை" என்றார். ஏசவில்லை. ஏசாத அம்மாவை நினைத்து அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காலை, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கண்ணாடிக்கு முன்னால் நின்றார். தலைமயிரை ஒதுக்கினார். கண்ணாடிக்குள் இருந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடியம்மா, எப்பிடி இருக்கிறாய்? சாப்பிட்டியா?"

பிறகு அவரே, "ஓம், சாப்பிட்டன்" என்றார்.

நான் பாய்க்கு ஓடிவந்து போர்வையால் தலையை மூடிக்கொண்டேன். மாமா காற்றாடியோடு கதைத்தார், ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கண்ணாடியோடு கதைக்கிறார், கொண்டுபோக ஒருவருமில்லை. ஏனென்றால் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன்.

"அம்மா, உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? முந்தி இருந்ததை விட நல்லாத்தானே இருக்கிறன்."

எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மாமா பிளேட்லெட் குறைந்து மூச்சுவிடக் கஷ்டப்பட்டபோதும் பெரியவர்கள் என்னிடம், "மாமாவுக்கு ஒண்டுமில்லை, சும்மா களைப்பு" என்றுதான் சொன்னார்கள். ஒன்றுமில்லை என்றால் கொஞ்சம் வருத்தம். முந்தியை விட நல்லாயிருக்கு என்றால் கடும் வருத்தம்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் அன்ரி இருந்தார். வேதக்காரர். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். நாங்கள் சைவம் என்றாலும் கொட்டாஞ்சேனையில் அதையெல்லாம் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார், வெள்ளிக்கிழமை பிள்ளையார். அந்தச் செவ்வாய் நான் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். என்னிடம் நேர்ந்துகொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. யோசித்துப் பார்த்து, உலகத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றை எடுத்தேன். அம்மாவைச் சுகமாக்கினால் ஒரு மாதத்துக்குப் பாகற்காய் தின்கிறேன் என்று அந்தோனியாரிடம் சொன்னேன். சொல்லும்போதே கைப்பில் வாய் கோணியது. அழுகையும் வந்துவிட்டது.

"பிள்ளை, என்ன இவ்வளவு நேரமா நிக்கிறாய்? கால் நோகேல்லையா? ஏன் அழுகிறாய்?"

"அன்ரி, நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"அந்தோனியார் அறியச் சொல்ல மாட்டன்."

நான் சொன்னேன். அன்ரி என்னை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். அவருடைய கண்ணும் கலங்கியது. "ஐயோ, அந்த மனுசி. அதுதான் கொஞ்சநாளா முகத்தில ஒரு வெளிச்சம். கடைசிக் காலத்தில அப்பிடித்தான் வரும்" என்றார்.

அன்ரி வாக்குத் தவறாதவர். ஒருவருக்கும் சொல்லவில்லை. தன் தங்கச்சிக்கு மட்டும் சொன்னார், தங்கச்சி பிறத்தி ஆள் இல்லையே. ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் வருத்தக்காரருக்கென்று ஒரு சத்துமாத் தகரப் பேணி வாங்கப் போனபோது, யாருக்கென்று அவர் கேட்டார். பொய் சொல்வது பாவம். ஆகவே நானாவுக்கும் சொன்னார். நானா கடைக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அன்ரியின் பிழை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா ஞாயிறென்றால் காலையில் பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கி வருவார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். மாமா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பத்து மணிபோல படியில் காலடிச் சத்தம். அன்ரி, அன்ரியின் தங்கச்சி, பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள். கையில் தோடம்பழம், மாரி பிஸ்கட், சத்துமா. முகத்தில் செத்தவீட்டுக்குப் போகிற ஒரு அடக்கம்.

"அக்கா படுத்திருக்கிறாவா?" என்று அன்ரி மாமாவிடம் மெல்லிய குரலில் கேட்டார்.

"சந்தைக்குப் போட்டா."

"இந்த நிலைமையிலயா!"

"எந்த நிலைமையில?"

அன்ரி மாமாவை ஒரு பார்வை பார்த்தார். அதில் மூன்று கிழமைக் கஞ்சியும் இருந்தது. பிறகு சொன்னார். மாமாவின் கையிலிருந்த பேப்பர் தானாக மடிந்தது.

அதே நேரம் அப்பாவும் வந்து சேர்ந்தார். கையில் மீன் பை, முகத்தில் இரத்தமே இல்லை. பின்னால் ஒரு குலை செவ்விளநீரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடை நானா.

"என்ன மாஸ்டர், வீட்டுல இவ்வளவு சொகமில்லாம இருக்கி, எங்களுக்கிட்ட ஒரு வார்த்த செல்லல்லயே. மிச்சம் கவலயா பெய்த்து" என்று நானா படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். அப்பா மாஸ்டர் இல்லை, புறக்கோட்டையில் இரும்புக் கடையில் வேலை. கண்ணாடி போட்டவர் எல்லாரும் நானாவுக்கு மாஸ்டர்.

அப்பா நேரே கதிரையில் போய் இருந்தார். மீன் பையை மடியில் வைத்தார். அதிலிருந்து தண்ணீர் அவருடைய காற்சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என்னாலதான். என்ர வருத்தம் அக்காவுக்குத் தொத்திப்போச்சு" என்றார் மாமா.

"டெங்கு அப்பிடித் தொத்தாது" என்றார் அப்பா.

"அப்ப வேற என்ன?"

அன்ரி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"எந்த டொக்டரிட்டக் காட்டினவ?" அன்ரி கேட்டார். அப்பாவுக்குத் தெரியாது. "எங்க நோகுதெண்டு சொன்னவ?" தெரியாது. "நித்திரை கொள்ளுறாவா?" அப்பா யோசித்தார். அம்மா படுப்பதற்கு முன்னமே தான் படுத்துவிடுவதும், அம்மா எழும்பிய பிறகுதான் தான் எழும்புவதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். "சரி, கடைசியா எப்ப ஒழுங்காச் சாப்பிட்டவ, அதையாவது சொல்லுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். பதில் என்னிடம் இருக்கும் என்பது போலப் பார்த்தார். உண்மையில் இருந்தது. இன்றைக்குக் காலை ஐந்து மணிக்கு, வல்லாரைக் கஞ்சி, கருப்பட்டியோடு. ஆனால் நான் அழுதுகொண்டு அன்ரியின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்போது படியில் இன்னொரு காலடி. கூடவே வாய்க்குள் முணுமுணுக்கிற பாட்டு.

அம்மா இரண்டு கட்டுப் பொன்னாங்காணியும் ஒரு தேங்காயும் ஒரு பையில் மரக்கறியுமாக, வேர்த்து வழிந்துகொண்டு வாசலில் நின்றார். பாட்டு நின்றது. நிறைந்திருந்த வீட்டைப் பார்த்தார். தோடம்பழங்களைப் பார்த்தார். தேங்காய் கையிலிருந்து நழுவி உருண்டது.

"ஐயோ, ஆருக்கு என்ன?"

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்ரி பையைப் பறித்தார். மாமா முழங்கையைத் தாங்கினார். அப்பா மீன் பையோடு கதிரையை விட்டு எழும்பினார். அம்மாவை அதில் இருத்தினார்கள். முதுகுக்கு ஒரு தலையணை வந்தது. அன்ரியின் தங்கச்சி மாமாவின் பேப்பரால் விசிறினார். நானா சட்டைக் கையை மடித்துவிட்டு, "தங்கச்சி, பேசவேணாம், ஒரு தம்பிலி குடிங்க" என்று செவ்விளநீரை வெட்டி நீட்டினார்.

"எனக்கு என்னெண்டு சொல்லுங்கோவன்!"

நான் அதற்கு மேல் தாங்கவில்லை. "அம்மா, நீங்கள் சாகப்போறீங்களா?" என்று கத்திவிட்டேன்.

அம்மா கேட்டார்: "ஆர் சொன்னது?"

எல்லாரும் நானாவைப் பார்த்தார்கள். நானா அன்ரியைப் பார்த்தார். அன்ரி கூரையைப் பார்த்து, அங்கே உதவி இல்லாததால் என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் விடிய வருத்தச் சட்டியில கஞ்சி காய்ச்சித் தனியக் குடிக்கிறீங்கள்" என்று விக்கி விக்கிச் சொன்னேன். "கதிரையில இருந்து குடிக்கிறீங்கள்."

"கதிரையில இருந்தா?" என்றார் மாமா, அதுதான் நோயின் கடும் கட்டம் என்பது போல.

"நெஞ்சில கை வைச்சுக்கொண்டு. பிறகு கண்ணாடியோட கதைக்கிறீங்கள்."

அம்மாவின் முகம் காதிலிருந்து சிவக்கத் தொடங்கியது. பிறகு மாமா வெடித்துச் சிரித்தார்.

"அக்கோய்! நான் என்னவோ பெரிய வருத்தமெண்டு பயந்து செத்தன். இது கள்ளத்தீன் வருத்தமல்லோ!"

அவ்வளவுதான். அறை முழுக்கச் சிரிப்பு. நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்ரி அழுதுகொண்டே சிரித்தார். அம்மாவும் சிரித்தார், ஆனால் யாரையும் பார்க்காமல். "மாமாவுக்கு வாங்கின அரிசி மிஞ்சிக் கிடந்தது. வண்டு விழப்போகுதெண்டு... சும்மா, கொஞ்சந்தான்" என்று ஏதேதோ சொன்னார். எழும்பினார். தலையணை கீழே விழுந்தது. குசினிக்குள் போய்ச் சட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது, வழமையை விடக் கூடுதலான நேரம். பிறகு அதற்குப் பேப்பரைச் சுற்றி, எல்லாருக்கும் முன்னால், அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார்.

வந்தவர்கள் போகப் பார்த்தார்கள். ஆனால் வருத்தம் பார்க்கக் கொண்டுவந்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோகக்கூடாது, வருத்தமும் கூடவே வரும் என்று அன்ரி தடுத்துவிட்டார். பிறகென்ன, பிஸ்கட் பெட்டிகள் திறபட்டன. தோடம்பழம் உரிபட்டது. அப்பா பேலியகொடையிலிருந்து கொண்டுவந்த பாரைமீன் பொரிக்கப்பட்டது. வீட்டில் அப்படிச் சிரித்துக் கதைத்து, எல்லாரும் நிலத்தில் வட்டமாக இருந்து சாப்பிட்டது தீபாவளிக்குக்கூட நடந்ததில்லை. பத்துப் பேருக்கு வருத்தக்காரரே சமைத்தார்.

மூன்று மணிக்கு எல்லாரும் போன பிறகு குசினியை எட்டிப் பார்த்தேன். அம்மா மேசையில் சாய்ந்து நின்றபடி, சோற்றுச் சட்டியை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அம்மா சுகமாகிவிட்டார்.

அடுத்த நாள் விடிய மணம் வரவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நிற்காமல் நன்றாக நித்திரை கொண்டேன். பாட்டு நின்றது. மத்தியானப் படுக்கை நின்றது. செவ்வாய்க்கிழமை நான் மைக்குப்பியைக் கவிழ்த்தபோது அம்மா என்னைப் பிடரியில் ஒன்று போட்டு, "கண் எங்க பிடரியிலயா?" என்று ஏசினார். நான் சந்தோசத்தில் சிரித்துவிட்டேன். அதற்கு இன்னொன்று விழுந்தது. அன்று பின்னேரமே அன்ரியோடு போய் அந்தோனியாருக்கு நன்றி சொன்னேன். பாகற்காயைப் பேச்சுத் தவறாமல் தின்னத் தொடங்கினேன். அம்மா, "இவளுக்கு என்ன வந்தது?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா அந்த நாட்களில் அதிகம் கதைக்கவில்லை. அம்மா நின்று சாப்பிடுகிற நேரங்களில் குசினி வாசலுக்கு வந்து, எதையோ தேடுவது போல நின்றுவிட்டு, தேடியது கிடைக்காமல் திரும்பிப் போவார்.

வெள்ளிக்கிழமை. ஆறேகால் மணி. எங்கள் வீட்டில் அதுதான் போர் நடக்கிற நேரம். அப்பா சப்பாத்துக்குள் போடுகிற மேசில் ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். மாமா பால் விடாத பிளேன்ரி கேட்டுக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் தலை இழுத்துப் பின்னவில்லை. அடுப்பில் சோறு இறக்கியாயிற்று, பார்சல் கட்டவில்லை.

அம்மா முக்காலியை இழுத்தார். ஏறினார். சட்டியை எடுத்தார்.

பேப்பர் கிழிந்த சத்தத்தில் வீடு நின்றுவிட்டது.

"ஆருக்கக்கா வருத்தம்?" மாமா கேட்டார்.

"ஒருத்தருக்குமில்லை."

"அப்ப?"

"எனக்குப் பசிக்குது."

அரிசியைக் கழுவினார். உள்ளியைத் தட்டினார். நேற்றே ஆய்ந்து வைத்திருந்த பொன்னாங்காணியை அரிந்தார். அவசரமே இல்லை. கஞ்சி கொதிக்கிற வரைக்கும் அடுப்படியில் நின்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அம்மாவின் நெற்றியில் எட்டிக் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது.

"என்ர பார்சல்..." என்றார் அப்பா மெல்ல.

"பத்து நிமிஷம்."

பிறகு கோப்பையில் ஊற்றிக்கொண்டு வந்து, அறையின் நடுவில், எல்லாருக்கும் முன்னால், அப்பாவின் கதிரையில் இருந்தார். காலை மடித்து ஏறி இருந்தார். கருப்பட்டியைக் கடித்தார். நாங்கள் மூன்று பேரும் படம் பார்ப்பது போல நின்று பார்த்தோம்.

"மணம் தூக்குது" என்று மாமா எச்சில் விழுங்கினார். "எனக்கும் ஒரு வாய்—"

"இது ஒராள் சட்டி. வேணுமெண்டால் நாளைக்குக் கெதியா எழும்பிக் காய்ச்சு. உனக்கு இப்ப வருத்தமில்லைத்தானே?"

அப்பா அதைக் கேட்டுவிட்டு, ஒற்றை மேசோடு குசினிக்குள் போனார். சோற்றை அள்ளித் தாளில் வைத்து, குழம்பை ஊற்றி, தானே பார்சல் கட்டினார். அவர் கட்டின முறைக்கு, புறக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் அவருடைய பையும் பக்கத்தில் இருந்தவரின் மடியும் மஞ்சளாகியிருக்கும். பின்னேரம் வந்து அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாளும் அவரே கட்டினார், இரண்டு தாள் வைத்து.

ஆனால் அந்தக் காலையில் என் கண் கோப்பையில்தான் இருந்தது. அம்மா எதைச் சாப்பிட்டாலும் கடைசி வாய் எனக்கு. சோறென்றால் உருண்டை, பிளேன்ரி என்றால் அடி மிடறு, மாம்பழம் என்றால் கொட்டை. அது நான் பிறந்த நாளிலிருந்து எனக்கு எழுதி வைத்த சொத்து. கஞ்சி அடிக்கு வருகிறதைக் கண்டதும் பக்கத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கை என் பக்கமாகக் கொஞ்சம் வந்தது, பழக்கத்தில். பிறகு நின்றது. கோப்பையைத் தன் வாயில் சாய்த்து, கடைசி வாயையும் தானே குடித்தார். விரலால் வழித்து அதையும் நக்கினார். கண்ணை மூடித் திறந்து, என் கன்னத்தில் ஈரக் கையால் தட்டினார்.

"உனக்குப் பசிச்சால் உனக்கெண்டு காய்ச்சித் தாறன். போய்ச் சட்டையைப் போடு."

பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அழுதேன். அம்மாவுக்கு வருத்தமில்லை என்பதை நம்பிவிட்டேன். ஆனால் அம்மா என்மேல் வைத்திருந்த பட்சம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அதற்கு என்ன நேர்ந்துகொள்வதென்று தெரியாமல் பல நாள் தவித்தேன்.

அந்த ஒரு வாயைத் தந்திருந்தால் மத்தியானத்துக்குள் மறந்திருப்பேன். அவர் தராமல் விட்டதைத்தான் இந்த வயது வரைக்கும் வைத்திருக்கிறேன். அது, ஒருநாள் நானும் கடைசி வாய் வரைக்கும் இருந்து குடிக்கவென்று, எனக்குத் தந்ததுதான் என்பது, வாயைத் திறந்துகொண்டு நின்ற அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்திருக்கும்?